காலந்தாழ்ந்து சேர்ந்த குரல்: ‘உலகின் மையத்தில் அன்பைக் கூவுதல்’ திரைப்படத்தில் நோயும் அழுகையும்

முன்னுரை

இளங்காதலர் இருவருள் ஒருவர் தீரா நோயால் இறக்க, மற்றவர் அந்நினைவைச் சுமந்து வாழ்தல் என்பது உலகத் திரைப்படங்கள் பலமுறை எடுத்தாண்ட கதைக்கரு ஆகும். ஜப்பானில் இக்கருவிற்கெனத் தனி வகைப்பெயரே வழங்குகிறது. ‘நன்பியோ மோனோ’ என்னும் அச்சொல்லைத் ‘தீரா நோய்க்கதை’ எனத் தமிழில் வழங்கலாம். இவ்வகைப் படைப்புகளைத் திறனாய்வாளர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பார்வையாளரை அழவைத்துப் பொருளீட்டும் வணிக முயற்சி என்று ஒதுக்கிவிடுவதே வழக்கம். பொதுமக்களோ இவற்றைத் தொடர்ந்து வரவேற்று வருகின்றனர். இவ்விரு நிலைகளுக்கும் இடையே எழ வேண்டிய வினா ஒன்று எழாமலே போகிறது. இப்படைப்புகளில் நிகழும் அழுகை யாருக்கான அழுகை என்பதே அவ்வினா.

யுகிசதா இசாவோ இயக்கி 2004 மே மாதம் ஜப்பானில் வெளிவந்த ‘உலகின் மையத்தில் அன்பைக் கூவுதல்’ என்னும் திரைப்படம் இவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற களமாகும். அவ்வாண்டில் ஏறத்தாழ 850 கோடி யென் வசூலித்த அப்படம், பின்வந்த பத்தாண்டுகளின் ஜப்பானியக் காதல் படங்களுக்கு ஒரு முன்மாதிரியாகவும் அமைந்தது. அப்படம் நோயைக் கையாளும் முறையையும், அழுகையை எழுப்பும் முறையையும், அவற்றின் நிறைகுறைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நாவலும் திரைப்படமும்

கத்தயாமா கியோஇச்சி எழுதிய நாவலே இப்படத்தின் மூலம். ஷோகாகுகன் பதிப்பகம் 2001இல் இதனை வெளியிட்டபோது அச்சிட்ட படிகள் 8,000 மட்டுமே. நூல் மெல்ல மெல்ல வாசகரிடையே பரவியது. நடிகை ஷிபசாகி கோ அந்நூலைப் படித்து அழுததாகக் கூறிய கருத்தைப் பதிப்பகம் நூலின் மேலுறைப் பட்டையில் அச்சிட்ட பின்னர் விற்பனை பெருகி, 2004இல் 30 இலட்சம் படிகளைக் கடந்தது. அந்நடிகையே திரைப்படத்தில் ஒரு முதன்மைப் பாத்திரத்தை ஏற்றார். அதே ஆண்டு சூலை முதல் செப்டம்பர் வரை தொலைக்காட்சித் தொடராகவும், 2005இல் கொரிய மொழித் திரைப்படமாகவும் இக்கதை மறுவடிவம் பெற்றது.

நாவலின் கதை எளியது. சிற்றூர்ப் பள்ளியில் உடன்பயிலும் சாகுதாரோ, அகி இருவரும் காதல் கொள்கின்றனர். அகிக்கு இரத்தப் புற்றுநோய் காண்கிறது. தாங்கள் காண விரும்பிய ஆஸ்திரேலியாவிற்குச் செல்ல இருவரும் மருத்துவமனையிலிருந்து தப்பிச் செல்கின்றனர். விமான நிலையத்திலேயே அவள் நிலைகுலைகிறாள், பின்னர் இறக்கிறாள்.

திரைப்படம் இக்கதையின் மேல் மற்றொரு கதையை ஏற்றுகிறது. ஆண்டுகள் பல கழிந்தபின், திருமணத்திற்கு ஆயத்தமாகும் சாகுதாரோவின் மணமகள் ரிட்சுகோ, வீடு மாறுவதற்காகப் பொருள்களை அடுக்கும்போது தன் சிறுவயது ஆடையில் ஓர் ஒலிநாடாவைக் கண்டெடுக்கிறாள். அதனைக் கேட்டபின் ஒருவரிடமும் சொல்லாமல் ஷிகோகு தீவிற்குப் புறப்பட்டுவிடுகிறாள். புயற்செய்தி ஒளிபரப்பில் அவளைக் கண்ட சாகுதாரோ அவளைத் தேடித் தன் சொந்த ஊருக்கு வருகிறான். வந்தவன் அவளைத் தேடுவதை விடுத்து, பழைய ஒலிநாடாக்களைக் கேட்டபடி கடந்த காலத்திற்குள் ஆழ்ந்துவிடுகிறான். அகி மருத்துவமனையில் இருந்தபோது அவளுடைய ஒலிநாடாக்களைச் சாகுதாரோவிடம் சேர்ப்பித்த சிறுமிதான் ரிட்சுகோ என்பதும், இறுதி நாடாவைக் கொண்டுசென்றபோது அவள் ஊர்தியில் அடிபட்டதால் அது சேராமலே போயிற்று என்பதும் படத்தின் பிற்பகுதியில் வெளிப்படுகின்றன.

இச்சேர்க்கை தற்செயல் நிகழ்வுகளை அளவுக்கு மீறிச் சார்ந்துள்ளது என்னும் குறை உண்மையே. ஆயினும் படத்தின் சிந்தனை முழுவதும் இச்சேர்க்கையில்தான் அடங்கியுள்ளது. நாவல் இழப்பைப் பற்றியது. திரைப்படமோ இழந்தவரின் சொல்லைக் கேட்காமல் வாழ்ந்த ஒருவனைப் பற்றியது.

தீரா நோய்க்கதை மரபு

ஜப்பானிய நோய்க்கதை மரபிற்கு நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு. தொகுதோமி ரோக்காவின் ‘ஹொத்தொத்தொகிசு’ 1898–99ஆம் ஆண்டுகளில் நாளிதழில் தொடராக வந்தது. அதன் நாயகி நமிகோ காசநோயால் பீடிக்கப்படுகிறாள். கணவன் கடற்படைப் பணியில் இருக்கும்போது மாமியார் அவளைப் பிறந்த வீட்டிற்கு அனுப்பி மணவாழ்வை முறிக்கிறாள். இங்கு நாயகியைக் கொல்வது காசநோய் மட்டுமன்று. மருமகளைக் குடியின் உடைமையாகக் கருதும் குடும்ப அமைப்பும் சேர்ந்தே கொல்கிறது. கரத்தானி கோஜின், நவீன ஜப்பானிய இலக்கியத்தின் தோற்றம் குறித்து 1980இல் வெளியிட்ட நூலில், இந்நாவலின் காசநோய் மருத்துவ உண்மை என்பதைவிட இலக்கியம் படைத்துக்கொண்ட ஒரு பொருண்மையாகவே இயங்குவதை விளக்கியுள்ளார்.

போருக்குப் பிந்தைய திரைப்படங்களில் நோயின் சமூகக் காரணம் மேலும் வெளிப்படையானது. இமாய் தடாஷி 1957இல் இயக்கிய ‘தூய காதற் கதை’ என்னும் படத்தின் இளம்பெண் அணுகுண்டுக் கதிர்வீச்சின் விளைவான நோயால் துன்புறுகிறாள். ஹிரோஷிமாவில் இரண்டு வயதில் கதிர்வீச்சுக்கு ஆளான சிறுமி சசாகி சதாகோ, 1955இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தது முதல் அந்நோய்க்கு ஜப்பானில் ஒரு வரலாற்று நிழல் உண்டு. குரோசவாவின் ‘இகிரு’ (1952) படத்தில் வயிற்றுப் புற்றுநோய் கண்ட அலுவலர், எஞ்சிய நாள்களில் குழந்தைகளுக்கு ஒரு பூங்கா அமைக்கப் போராடுகிறார். அங்கு நோய் தனிமனிதனைச் சமூகத்தை நோக்கித் திருப்புகிறது.

1964இல் வெளிவந்த ‘காதலையும் சாவையும் உற்று நோக்கி’ என்னும் படம் இம்மரபில் ஒரு திருப்பம். மாணவன் ஒருவனுக்கும் நோயுற்ற மாணவி ஒருத்திக்கும் இடையே நடந்த உண்மைக் கடிதப் போக்குவரத்தை அடிப்படையாகக் கொண்டது அப்படம். அதில் நோய்க்குச் சமூகக் காரணம் ஏதுமில்லை. இரு மனங்களே எஞ்சுகின்றன. ‘உலகின் மையத்தில்’ படம் இவ்வழியில் வந்ததே ஆகும்.

இவ்வரிசையை நோக்கும்போது ஒரு போக்குப் புலனாகிறது. நோய்க்குக் காரணம் இருந்த காலத்தில் அழுகையோடு சினமும் கலந்திருந்தது. மாமியார் மீதோ, குடும்ப அமைப்பின் மீதோ, போரின் மீதோ பார்வையாளர் சினங்கொள்ள இடமிருந்தது. காரணமற்ற நோய் வந்தபின் சினத்திற்கு இடமில்லை. அகியின் நோய்க்கு எவரும் பொறுப்பல்லர். ஹிரோஷிமாவின் நிழல் படிந்த அதே நோய், 2004இல் வரலாறு முழுவதையும் உதிர்த்துவிட்டுக் காதலை மட்டும் ஒளியூட்டும் விளக்காகிவிடுகிறது. காசநோய்க்கு முன்னர் ஏற்றப்பட்ட மென்மையும் தூய்மையும் பின்னர் இரத்தப் புற்றுநோய்க்கு இடம்பெயர்ந்தன எனச் சூசன் சோண்டாக் 1978இல் நோயும் உருவகமும் பற்றிய தம் நூலில் சுட்டியது இங்கு முழுமையாகப் பொருந்துகிறது.

கதைக்கால அமைப்பு

படத்தின் கடந்த காலம் 1986இல் நிகழ்கிறது. இவ்வாண்டுத் தேர்வு தற்செயலானதன்று என்பதற்கு இரு காரணங்களைக் காட்டலாம்.

முதலாவது, மருத்துவம் சார்ந்தது. உறவினரல்லாத கொடையாளரிடமிருந்து எலும்பு மஜ்ஜை பெறுவதற்கான நாடளாவிய அமைப்பு ஜப்பானில் 1991 டிசம்பரில்தான் தோன்றியது. நாட்பட்ட மைலாய்டு வகை இரத்தப் புற்றுநோயின் போக்கையே மாற்றிய இமாடினிப் மருந்து 2001இல் அங்கு ஏற்பளிக்கப்பட்டது. நோயாளியிடம் நோயின் உண்மையை மறைக்கும் வழக்கமும் 1980களில் பரவலாக இருந்தது. சிகிச்சை பற்றி நோயாளிக்கு விளக்குவதை மருத்துவரின் கடமையாகக் குறிக்கும் சட்டத் திருத்தம் 1997இல்தான் வந்தது. நாவலில் அகியிடம் அவளது நோய் ஒருவகை இரத்தச்சோகை என்றே முதலில் கூறப்படுகிறது. ஆகவே, இளம் வயதில் உறுதியாக இறக்கும் நாயகி கதைக்கு வேண்டுமெனில், கதை கடந்த காலத்திற்குச் சென்றாக வேண்டும். மருத்துவம் முன்னேற முன்னேற இவ்வகைக் கதைகள் பின்னோக்கி நகரவோ, பெயரறியா நோய்களைத் தேடவோ நேர்கிறது.

இரண்டாவது, கருவி சார்ந்தது. சோனி நிறுவனத்தின் வாக்மேன் 1979 சூலையில் விற்பனைக்கு வந்தது. 1986இல் அது பள்ளி மாணவர் கைகளில் புழங்கும் பொருளாகிவிட்டது. கைப்பேசி இன்னும் வரவில்லை. குரலைப் பதிவுசெய்து கையால் கொண்டுசேர்க்க வேண்டிய காலம் அது. குரல் பிறப்பதற்கும் கேட்கப்படுவதற்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. அவ்விடைவெளியே படத்தின் கதையை இயக்குகிறது. கைப்பேசிக் காலத்தில் இக்கதை நிகழ இயலாது.

1991இல் பொருளாதாரக் குமிழி உடைந்தபின் நெடுங்காலத் தேக்கத்தில் இருந்த ஜப்பானியர்க்கு 1986 என்பது இழந்த செழுமையின் பெயருமாகும். படம் வெளிவந்தபோது முப்பது வயதைக் கடந்திருந்தவர்கள் அகியோடு தம் இளமையையும் சேர்த்தே துக்கங்கொண்டாடினர் எனலாம்.

ஒலிநாடா என்னும் உத்தி

யுகிசதா இசாவோ, இவாய் ஷுன்ஜியின் ‘காதல் கடிதம்’ (1995) படத்தில் உதவி இயக்குநராகப் பணியாற்றியவர். இறந்த காதலனின் பழைய முகவரிக்கு ஒரு பெண் எழுதிய கடிதத்திற்கு மறுமொழி வருவதே அப்படத்தின் தொடக்கம். அப்படத்தின் ஒளிப்பதிவாளர் ஷினோதா நொபொருவே இப்படத்திற்கும் ஒளிப்பதிவு செய்தார். இப்படம் வெளிவந்த மறுமாதமே அவர் காலமானார். உரியவரைச் சேராத செய்தி, காலம் கடந்து சேரும் செய்தி என்னும் கருத்து அங்கிருந்து இங்கு தொடர்கிறது.

கடிதத்திற்கும் ஒலிநாடாவிற்கும் இடையே அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. கடிதத்தைப் படிப்பவர் தம் குரலில்தான் படிக்கிறார். ஒலிநாடாவிலோ எழுதியவரின் மூச்சும் தயக்கமும் இருமலும் அப்படியே நிற்கின்றன. நாவல் சாகுதாரோவின் தன்மைக் கூற்றாக அமைந்தது. அங்கு அகி பேசும் ஒவ்வொரு சொல்லும் அவன் நினைவின் வழியாகவே வாசகரை அடைகிறது. திரைப்படம் அவளுக்குச் சொந்தக் குரலை அளிக்கிறது. அவனை இடைத்தரகனாக வைக்காமல் அவள் நேரடியாகப் பேசுகிறாள். இம்மாற்றம் நாவலைவிடத் திரைப்படம் மேம்படும் இடமாகும்.

ஆயினும் இதன் மறுபக்கமும் நோக்கத்தக்கது. நாடாவை ஓடவிடுவதும் நிறுத்துவதும் மீண்டும் கேட்பதும் சாகுதாரோவின் கையிலேயே உள்ளன. உயிரோடிருந்த அகி சினங்கொள்ளவும் மறுக்கவும் வல்லவள். நாடாவில் உள்ள அகி அவன் விரும்பும்போது மட்டும் பேசுபவள். இந்நிலையை உடைப்பதற்காகவே படம் அவன் கேளாத ஒரு நாடாவைப் படைத்துள்ளது. அவன் திரும்பத் திரும்பக் கேட்டவை அனைத்தும் அவனுக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்றில்தான் அவள் தன் இறுதி விருப்பத்தையும் விடையையும் வைத்திருந்தாள். தன் சாம்பலை உலூருப் பாறையின் காற்றில் தூவும்படியும், அவனை அவனுக்குரிய வாழ்வை வாழும்படியும் அவள் கூறுகிறாள். ஏறத்தாழ 17 ஆண்டுகள் அவன் அவளுக்காக வருந்தினான். அவள் கேட்டதோ வருத்தத்தை அன்று.

அழுகை மெய்ப்பாடு

இங்கு தமிழ்க் கவிதையியல் தரும் ஒரு பாகுபாடு துணைபுரியும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. பிறரால் இகழப்படுதல், உற்றாரையும் உரியவற்றையும் இழத்தல், முன்னைய நிலை கெட்டு வருந்துதல், நுகர விரும்பியதை நுகரப் பெறாமை என இவற்றை விளக்கலாம். மெய்ப்பாடு தன்பால் தோன்றுவதா பிறர்பால் தோன்றுவதா என்னும் வேறுபாட்டையும் உரையாசிரியர்கள் சுட்டுவர். ஜப்பானியப் படைப்பொன்றிற்குத் தமிழிலக்கணத்தைச் சட்டமாக்குவது நோக்கமன்று. பொதுவாக ‘சோகம்’ என்று ஒரே சொல்லால் குறிக்கப்படுவதைப் பிரித்தறியும் கருவியாகவே இப்பாகுபாடு இங்கு கொள்ளப்படுகிறது.

படத்தில் சாகுதாரோவின் அழுகை இழவின் பாற்பட்டது. அகியின் துன்பமோ அசைவின் பாற்பட்டது. ஓட்டப்பந்தயத்தில் விரைந்தவள் நடக்க இயலாதவளாகிறாள். சிகிச்சையால் கூந்தலை இழக்கிறாள். இப்பாத்திரத்திற்காக நடிகை நகசாவா மசாமி தம் தலையை மழித்துக்கொண்டார். தொற்று நீக்கப்பட்ட அறையின் நெகிழித் திரைக்கு அப்பாலும் இப்பாலும் நின்று காதலர் முத்தமிடும் காட்சி வறுமையின் பாற்பட்டது. தொடுதலுக்கு ஓரடித் தொலைவே இருந்தும் தொட இயலாமை அங்கு காட்சியாகிறது.

இவ்வகைப்பாட்டின்படி நோக்கினால் படத்தின் சமனின்மை வெளிப்படுகிறது. இழவிற்குப் படம் ஒதுக்கும் நேரமும் இசையும் அசைவிற்கு ஒதுக்கப்படவில்லை. குமட்டல், வலி, அச்சம், மருத்துவமனை இரவுகளின் நீளம் ஆகியவை பெரும்பாலும் திரைக்கு வெளியே நிகழ்கின்றன. அகி இறக்கும்போதும் அழகு குறையாதவளாகவே இருக்கிறாள். நோயாளியின் பெற்றோர் படத்தின் ஓரத்தில் நிற்கின்றனர். மகளை இழக்கும் தாய் தந்தையரின் துயரம் காதலனின் துயரத்திற்கு அடுத்த படியில் வைக்கப்பட்டுள்ளது. நோய்க்கதை என்று பெயர் பெற்ற படத்தில் நோயாளிக்குரிய அழுகை குறைந்து, உயிர்பிழைத்தவனின் அழுகை மிகுந்திருப்பது இவ்வகைமை முழுவதற்கும் உரிய குறையாகும்.

இக்குறையை நாவலாசிரியர் அறியாதவர் அல்லர். நாவலின் முற்பகுதியில் ஒரு நிகழ்ச்சி உண்டு. சாகுதாரோ தன் பாடல் விருப்பம் வானொலியில் இடம்பெற வேண்டுமென்று, அகிக்கு இரத்தப் புற்றுநோய் எனப் பொய்யாக எழுதி அனுப்புகிறான். கடிதம் ஒலிபரப்பாகிறது. உண்மையில் அந்நோயால் துன்புறுவோரை எண்ணிப் பார்த்தாயா என்னும் பொருளில் அகி அவனைக் கடிகிறாள். பிறர் நோயைக் கொண்டு இரக்கத்தைப் பெற்றுக்கொள்ளும் செயலை நாவல் தன் தொடக்கத்திலேயே குற்றமாக நிறுத்துகிறது. பின்னர் அவள் உண்மையாகவே அந்நோய்க்கு ஆளாகும்போது, அக்குற்றம் அவனோடு நில்லாமல் கதையைப் படித்து அழும் வாசகரையும் தொடுகிறது. அழுவதற்காகவே நூலை வாங்கிய இலட்சக்கணக்கானோர் இந்நிகழ்ச்சியை எவ்வாறு கடந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

ஜப்பானியத் துயரச் சுவை எங்கு வரினும் அதனை ‘மோனோ நோ அவாரே’ என்னும் கோட்பாட்டில் அடக்குவது பொதுவழக்காகிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் மொதோஓரி நொரினாகா ‘கெஞ்சி’ கதையை முன்வைத்து விளக்கிய அக்கோட்பாடு, பொருள்களின் நிலையாமையை உணர்ந்து உருகும் மனநிலையைக் குறிப்பது. சாகுதாரோ நிலையாமையை உணர்ந்து உருகுபவன் அல்லன். அதனை ஏற்க மறுத்து நின்றவன். விமான நிலையத்தில் மயங்கி விழும் அகியைத் தாங்கிக்கொண்டு உதவி வேண்டி அவன் கதறும் காட்சி, படத்தைப் பாராதவரும் அறிந்த காட்சியாயிற்று. அக்கதறலில் அமைதியான உருக்கம் ஏதுமில்லை, ஆற்றாமையே உள்ளது. உலகை நோக்கி ஓர் இளைஞன் எழுப்பும் அக்குரலுக்கு விடை இல்லை என்பதே அக்காட்சியின் வலிமை. புயலும் நோயும் எவர் குரலுக்கும் செவிசாய்ப்பன அல்ல.

தூய காதலும் ரிட்சுகோவும்

இப்படமும் அதே காலத்தில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற கொரியத் தொடர்களும் சேர்ந்து எழுப்பிய அலையை அந்நாட்டு ஊடகங்கள் ‘ஜுன்ஆய்’, அதாவது ‘தூய காதல்’ அலை என அழைத்தன. இத்தூய்மை எதனால் விளைகிறது என்பது ஆராயத்தக்கது. அகியும் சாகுதாரோவும் ஊரின் நிழற்படக் கூடத்தில் மணக்கோலத்தில் படம் எடுத்துக்கொள்கின்றனர். மணப்படம் உண்டு, மணவாழ்வு இல்லை. வருவாய், வீடு, முதுமை, சலிப்பு ஆகிய சோதனைகள் எவையும் அக்காதலை அணுகவில்லை. காதலுக்குத் தூய்மையைத் தந்தது காதலர் மனமன்று. சோதனைக்கு முன்பே வந்த சாவுதான் தந்தது.

இதற்கு மறுதலையாக நிற்பவள் ரிட்சுகோ. அவள் உயிரோடிருப்பவள், விபத்தின் விளைவாகக் காலில் ஊனம் உடையவள், இறந்தவளோடு ஒப்பிடப்படும் இடர்ப்பாட்டிற்கு ஆளானவள். அகியின் உடல் வெள்ளை ஒளியில் மறைய, ரிட்சுகோவின் உடல் நொண்டி நடந்தபடி உலகில் எஞ்சுகிறது. சாகுதாரோ கடந்த காலத்தில் மூழ்கியிருக்கும்போது அவள் ஒரு சிறுமியாகச் செய்யத் தவறிய கடமைக்காகக் குற்றவுணர்வு கொண்டு அலைகிறாள். அவள் அழுவது தன் இழப்பிற்காக அன்று. தான் அறிந்த ஒரு நோயாளியின் இறுதிச் சொல் தன்னால் சேராமற் போயிற்றே என்று அவள் அழுகிறாள். படத்தில் பிறர்பால் தோன்றும் அழுகை, அதாவது கருணை, முழுமையாக அமைவது இவளிடத்திலேயே ஆகும்.

எனினும் படம் இப்பாத்திரத்திற்கு உரிய நீதியைச் செய்யவில்லை. சிறுமியாக இருந்தபோதும் அவள் தூது சென்றவள். வளர்ந்தபின்னும் தூது சென்றவளாகவே கதை முடிகிறது. மணமகனின் மனத்தில் மற்றொருத்தி நிறைந்திருப்பதை அறிந்த பெண்ணின் சினமோ, ஐயமோ, உரிமையோ சொல்லாக வெளிப்படவில்லை. இறந்தவளுக்கு ஒலிநாடா தந்த இயக்குநர், வாழ்பவளுக்கு ஒரு நீண்ட உரையாடலைத் தந்திருக்கலாம்.

உலகின் மையம்

தலைப்புக் குறிக்கும் ‘உலகின் மையம்’ ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் உள்ள உலூரு என்னும் பாறையோடு படத்தில் இணைக்கப்படுகிறது. இத்தலைப்பிற்கு ஹார்லன் எலிசன் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் சிறுகதைத் தலைப்பும் முன்னோடியாக உண்டு. நாவலில் அகியின் பெற்றோருடன் ஆஸ்திரேலியா செல்லும் சாகுதாரோ, சாம்பலின் ஒரு பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு திரும்புகிறான். ஆண்டுகள் கழித்து, பள்ளி வளாகத்தில் செர்ரிப் பூக்கள் உதிரும்போது அதனைக் காற்றில் விடுகிறான். உலகின் மையம் எங்கோ இல்லை, காதல் தோன்றிய இடமே மையம் என்னும் நுட்பமான முடிவு அது. திரைப்படம் அம்முடிவை விடுத்துச் சாகுதாரோவையும் ரிட்சுகோவையும் ஆஸ்திரேலியச் செம்மண் வெளிக்கே அழைத்துச் செல்கிறது. காட்சிச் சிறப்பு மிகினும் கருத்து நுட்பம் குறைகிறது.

இதனினும் கருதத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. உலூரு அனங்கு மக்களின் புனித நிலம். நெடுங்காலப் போராட்டத்திற்குப் பின் 1985 அக்டோபர் 26ஆம் நாள் ஆஸ்திரேலிய அரசு அந்நிலத்தின் உரிமையை அம்மக்களிடம் திருப்பியளித்தது. படத்தின் கடந்த காலக் கதை நிகழ்வது அதற்கு அடுத்த ஆண்டில். அப்பாறையின் மேல் ஏறுவது அம்மக்களின் விருப்பப்படி 2019 அக்டோபர் 26 முதல் தடைசெய்யப்பட்டது. ஜப்பானியக் காதலர் தம் துயரின் மையமாக அப்பாறையைக் கொள்கின்றனர். அதனைத் தம் வாழ்வின் மையமாகக் கொண்ட மக்களின் குரல் படத்தில் கேட்கவில்லை. கேளாத குரலைப் பற்றிய படம் மற்றொரு குரலைக் கேளாமல் முடிவது முரணாகும்.

படப்பிடிப்பு நடந்த ககாவா மாவட்டத்துக் கடலோர ஊரான அஜிக்கும் இதனையொத்த நிலை நேர்ந்தது. கல்வெட்டுத் தொழிலால் பெயர்பெற்ற அவ்வூர் 2006இல் தகமாட்சு நகருடன் இணைக்கப்பட்டது. படம் வந்தபின் காதலர் இருவர் நின்ற கடற்சுவரைக் காணப் பெருந்திரளாக மக்கள் வந்தனர். படத்திற்காக அமைத்து அகற்றப்பட்ட நிழற்படக் கூடம் பின்னர்ப் பயணிகளுக்காக மீண்டும் உருவாக்கப்பட்டது. கற்பனை மணப்படம் எடுக்கப்பட்ட கற்பனைக் கூடம் உண்மைக் கட்டடமாக நிலைபெற்றது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன.

ஜப்பானிய நோய்க்கதை மரபில் நோய்க்கு இருந்த சமூகக் காரணங்கள் படிப்படியாக உதிர்ந்து, 2004இல் நோய் காரணமற்ற ஊழாக மாறியுள்ளது. அதனால் அழுகையோடு கலந்திருந்த சினம் நீங்கியது; அழுகை எளிதாயிற்று. எளிதான அழுகை பெருஞ்சந்தையைப் பெற்றது. பின்வந்த ‘காதல் வானம்’ (2007), ‘உன் கணையத்தைத் தின்ன வேண்டும்’ (2017), ‘எஞ்சிய வாழ்நாள் 10 ஆண்டு’ (2022) முதலிய படங்களும் இவ்வழியிலேயே அமைந்தன. இவற்றுள் இறுதியாகக் கூறிய படம், நோயுற்றிருந்த பெண் எழுத்தாளர் ஒருவரே எழுதிய நாவலை மூலமாகக் கொண்டது. அவ்வகையில் நோயாளியின் பார்வை கதையின் நடுவே வந்து நின்றது இம்மரபின் வளர்ச்சியாகக் கொள்ளத்தக்கது.

‘உலகின் மையத்தில்’ படத்தை வெறும் கண்ணீர் வணிகம் என ஒதுக்குதல் பொருந்தாது. நாவல் ஒருவனின் நினைவுக்குள் அடைத்து வைத்த பெண்ணுக்குத் திரைப்படம் குரல் அளித்தது. இறந்தவரை நினைந்து அழுதல் வேறு, அவர் சொல்லைக் கேட்டல் வேறு என்னும் உண்மையை அது முன்வைத்தது. அகியின் அசைவையும், பெற்றோரின் இழவையும், ரிட்சுகோவின் உரிமையையும் முழுமையாகக் காட்டாமல் விட்டது அதன் குறை.

பார்வையாளர் திரையரங்கை விட்டுக் கண்களைத் துடைத்தபடி வெளியேறும்போது தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றைப் படம் தன்னையறியாமலேயே விட்டுச் சென்றுள்ளது. சாகுதாரோ கேட்ட நாடாக்கள் பல. கேட்க வேண்டிய நாடா ஒன்று. அது வேறொருவர் ஆடையின் பைக்குள் 17 ஆண்டுகள் கிடந்தது. அழுகை அவனுக்கு அன்பின் அடையாளமாக இருந்தது. அந்நாடாவைத் தேடாதிருக்கவும் அதுவே காரணமாயிற்று.